வங்கம் தந்த பேகம் ருகையா

பேகம் ருகையா ஸகாவத் ஹுஸைனின் வாழ்வைத் துயரக் கதையாகச் சொல்வது இலகு. பெற்ற இரு பெண் குழந்தைகளும் கைக்குழந்தைகளாகவே இறந்தன. முப்பது வயதாகுமுன் கணவரையும் இழந்தார். ஆனாலும் அவர் எழுதியவற்றை வாசிக்கும்போது அடிக்கடி சிரிப்பு வருகிறது. இத்தனை பெரிய இலட்சியத்தைச் சுமந்தவருக்குச் சிரிக்க எப்படி மனம் வந்தது என்பதே என் வியப்பு.

1880இல், இன்றைய பங்களாதேஷின் ரங்பூர்ப் பகுதியிலுள்ள பைராபந்தில், ஜமீந்தார் குடும்பமொன்றில் பிறந்தார். அவ்வீட்டுப் பெண் பிள்ளைகள் குர்ஆன் ஓதலாம், உருது கற்கலாம். வங்காளமும் ஆங்கிலமும் கூடாது. தாத்தா கரீமுன்னிஸா வங்காளம் சொல்லிக்கொடுத்தார். வீடு உறங்கிய பின், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆங்கிலம் கற்பித்தவர் நானா இப்ராஹீம் ஸாபிர்.

கணவர் ஸகாவத் ஹுஸைன் பாகல்பூரில் அரச அதிகாரி. வயதில் மிக மூத்தவர். ஆனால் மனைவி எழுதுவதை விரும்பியவர். அவர் கடமைக்காக வெளியூர் போயிருந்த சமயம், பொழுது போக்குவதற்காக ருகையா ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார். அதில் ஆண்கள் வீட்டுக்குள் திரை மறைவில் இருக்கிறார்கள். பெண்களோ சூரிய வெப்பத்தில் சமைத்து, ஆகாய ஊர்தியில் பறந்து, நாட்டை ஆளுகிறார்கள்! திரும்பி வந்த கணவர் உட்காராமல் நின்றபடியே முழுவதையும் வாசித்து முடித்தாராம். 'சுல்தானாவின் கனவு' என்ற அக்கதை 1905இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஆங்கில மகளிர் சஞ்சிகையில் பிரசுரமாயிற்று.

1909இல் கணவர் காலமானார். பெண் கல்விக்கென அவர் ஒதுக்கிவைத்த பணத்தைக் கொண்டு, அதே ஆண்டு ஐந்து மாணவியருடன் பாகல்பூரில் பாடசாலை தொடங்கினார். குடும்பச் சொத்துத் தகராறு அங்கே நிலைக்க விடவில்லை. 1911 மார்ச்சில் கல்கத்தாவில் மறுபடி ஆரம்பித்தபோது எட்டுப் பேர். வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் பேசிப் பேசியே பிள்ளைகளைச் சேர்த்தார். உயர்தரப் பரீட்சை முடியட்டும், பிறகு சந்தோஷமாக இருக்கலாம் என்று நாள் எண்ணும் எங்களுக்கு, எட்டுப் பேர் முன் நின்ற அந்த ஆசிரியை மேல் கொஞ்சம் பொறாமைகூட வருகிறது.

பர்தா கெடாமல் பிள்ளைகளை ஏற்றிவர நாற்புறமும் அடைத்த பஸ் ஒன்று செய்வித்தார்கள். உள்ளே இருட்டு, காற்றில்லை. பிள்ளைகள் மயங்கினார்கள், வாந்தியெடுத்தார்கள். ஜன்னலைத் திறந்து திரை போட்டார் ருகையா. உடனே கடிதங்கள் வந்தன: காற்றில் திரை பறக்கிறதாம், பர்தா கெடுகிறதாம்! அடைத்தால் பிள்ளைகளுக்கு மூச்சு முட்டும், திறந்தால் ஊருக்கு முட்டும். வேறொருவர் பாடசாலையை மூடியிருப்பார். அவரோ இந்தச் சங்கடத்தையே வேடிக்கையாக எழுதி, 1931இல் வந்த 'அவரோத்பாசினி' என்ற நூலின் கடைசிச் சம்பவமாக வைத்தார். அந்நூலின் 47 சம்பவங்களில் பல, சிரித்துக்கொண்டே வாசிக்கத் தொடங்கி இடையில் சிரிப்பு நின்றுபோகிறவை.

1932 டிசம்பர் 9ஆம் திகதி கல்கத்தாவில் காலமானார். வயது 52. பெண்களின் உரிமை பற்றி அவர் எழுதிக்கொண்டிருந்த கட்டுரை முடியாமலே மேசையில் கிடந்தது.