எண்ணால் கண் தந்தவர் (வில்லியம் ஹில் மரே வரலாறு)

எண்ணும் எழுத்தும் மக்கட்கு இரு கண்கள் என்பது நம் முன்னோர் கொள்கை. கல்லாதார் முகத்தில் உள்ளவற்றைக் கண் எனக் கூறவும் வள்ளுவனார் இசைந்தாரில்லை. அஃது உண்மையாயின், முகத்து ஒளி இழந்தோர்க்கு எழுத்தைக் கற்பிப்போர் அவர்க்குக் கண்ணையே வழங்குவோர் ஆவர் அன்றோ? அங்ஙனம் வழங்கியோருள் ஒருவர், எண்ணையே எழுத்தாக அமைத்துச் சீன நாட்டு விழியிலார்க்கு அளித்த வில்லியம் ஹில் மரே என்னும் பெரியார். அவர் பெருஞ்செல்வரும் அல்லர். பட்டம் பல பெற்ற பேராசிரியரும் அல்லர். அஞ்சற்பை சுமந்து ஊரூராய் நடந்த ஒற்றைக் கையர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

மரே 1843-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து நாட்டிலே, கிளாஸ்கோ நகரைச் சார்ந்த போர்ட் டண்டாஸ் என்னும் இடத்திற் பிறந்தார். மரம் அறுக்கும் ஆலையில் உழைத்து உண்ணும் எளிய குடும்பம் அவருடையது. தந்தை செய்த தொழிலையே மைந்தனும் மேற்கொள்ளுதல் அக்குடும்பங்களின் வழக்கம். ஆயினும், சிறுவனாய் இருந்தபோதே ஆலைப் பொறியில் அகப்பட்டு அவர் தம் இடக்கையை இழந்தார். கை போயிற்று, கையோடு தந்தையின் தொழிலும் போயிற்று. கையுழைப்பையே நம்பிய ஏழை இல்லத்தில் ஒரு கை இழந்த பிள்ளைக்குப் பிழைப்பு யாது? இவ்வினாவைப் பிறர் வாயிற் கேளாது, தம் உடம்பிலேயே சுமந்து வளர்ந்தவர் மரே. பிற்காலத்தில் அவர் செய்த தொண்டின் வேர் இங்கே உள்ளது என்று கொள்ளுதல் தவறாகாது.

வளர்ந்தபின் அவர் நாட்டுப்புறத்து அஞ்சற்காரராய் அமர்ந்தார். நாள்தோறும் பல மைல் தொலைவு நடந்து கடிதங்களை வீடுதோறும் சேர்ப்பித்தல் அவர் வேலை. பிறர்க்கு அலுப்பைத் தரும் அந்நெடுவழியை அவர் தமக்குப் பள்ளிக்கூடமாக்கிக் கொண்டார். நடந்துகொண்டே எபிரேயமும் கிரேக்கமும் பயின்று, திருமறையை அதன் மூலமொழிகளிலேயே படிக்கும் ஆற்றல் பெற்றார். ஒரு கையாற் செய்யத்தக்க தொழில் எது எனத் தேடியவர்க்கு, எழுத்தறிவு என்னும் செல்வம் இரு கையும் உடையார்க்கும் எளிதில் வாயாத உயர்வைத் தந்தது.

பின்னர் ஸ்காத்லாந்து தேசிய வேதாகமச் சங்கத்தார் அவரைப் புத்தகம் விற்கும் ஊழியராக ஏற்றுக்கொண்டனர். கிளைடு ஆற்றில் வந்து தங்கும் கப்பல்களில் ஏறிப் பன்னாட்டு மாலுமிகட்கும் அவரவர் மொழியில் வேதநூல் விற்றல் அவர் கடமை ஆயிற்று. பல மொழியாரோடு பழகியதனால் ஒலிகளைக் கூர்ந்து கேட்டு வேறுபாடு உணரும் திறம் அவரிடம் வளர்ந்தது. அந்நாளில் மெல்வில் பெல் என்னும் அறிஞர், பேசும்போது நாவும் உதடும் நிற்கும் நிலையைக் குறிகளாற் காட்டும் ஒலியெழுத்து முறை ஒன்றை வகுத்திருந்தார். அதனையும் மரே கற்றுக்கொண்டார்.

1871-ஆம் ஆண்டில் சங்கத்தார் அவரைச் சீன நாட்டிற்கு அனுப்பினர். முதற்கண் சீபூத் துறைமுகத்தில் தங்கி மொழி பயின்று, பின்பு தலைநகராகிய பீக்கிங்குக்குச் சென்றார். கடைத்தெருக்களிலும் சந்தைகளிலும் நின்று நூல்களை விற்றுவந்த அவர் கண்ணை உறுத்திய காட்சி ஒன்று உண்டு. வைசூரியாலும் கண்ணோயாலும் பார்வை இழந்தோர் அந்நகரத் தெருக்களில் எண்ணிறந்தோர் இருந்தனர். ஒருவர் தோளை ஒருவர் பற்றி வரிசையாய்ச் சென்று இரப்போர் பலர்; சிறு சேகண்டியைத் தட்டிக்கொண்டு வருபொருள் கூறும் குறிகாரர் பலர்; பாட்டுப் பாடிக் காசு பெறுவோர் சிலர். சீன நாடு முழுவதிலும் ஐந்து இலட்சம் விழியிலார் இருந்திருக்கலாம் என அக்காலத்தார் மதிப்பிட்டனர். அவர்கட்கு உலகம் ஒதுக்கி வைத்த தொழில்கள் மூன்று: இரத்தல், குறி சொல்லல், பாடுதல். இவற்றுள் ஒன்றையும் அவர்கள் தாமே தேர்ந்துகொண்டவர் அல்லர்.

ஐரோப்பாவிலோ நிலைமை மாறத் தொடங்கியிருந்தது. 1784-ஆம் ஆண்டில் வலந்தீன் ஹாவி என்பார் பாரிஸ் நகரில் விழியிலார்க்குப் பள்ளி கண்டார். அப்பள்ளியில் மாணவராய்ப் பயின்ற லூயி பிரெயில், தாமும் மூன்று வயதில் ஏற்பட்ட காயத்தாற் பார்வை இழந்தவர். 1824-ஆம் ஆண்டில், பதினைந்து வயது இளைஞராய் இருந்தபோதே, விரலால் தடவிப் படிக்கும் ஆறு புள்ளி எழுத்து முறையை அமைத்தார். ஆறு புள்ளிகளை மாற்றி மாற்றி அமைப்பதனால் 63 வடிவங்கள் கிடைக்கும். பிரெஞ்சு மொழிக்கு இவை தாராளமாகப் போதுமானவை.

ஆனால் சீன மொழிக்கு இம்முறை எங்ஙனம் பொருந்தும்? சீன எழுத்து நம் எழுத்தைப் போல ஒலியை மட்டும் குறிப்பதன்று. ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனி உருவம் உண்டு. காங்சி மன்னர் காலத்தில், 1716-ஆம் ஆண்டில் முடிந்த பேரகராதியில் 47,000-க்கு மேற்பட்ட எழுத்துருவங்கள் இடம்பெற்றன. பார்வையுடைய மாணவனே ஆண்டுகள் பல கழித்துக் கற்க வேண்டிய இக்கடலை, விரல் நுனி ஒன்றையே துணையாகக் கொண்டவன் எங்ஙனம் கடப்பான்? அது முடியாத காரியம் என்றே கற்றோரும் கருதியிருந்தனர்.

மரே அவ்வுருவங்களைப் பற்றிக் கவலைப்படவில்லை. விழியிலார்க்கு வேண்டுவது உருவம் அன்று, ஒலியே என்று கண்டார். பகல் முழுதும் தெருவில் நூல் விற்று, மாலையில் அமர்ந்து பீக்கிங் மக்கள் பேசும் ஒலிகளைப் பொறுமையாய்த் திரட்டினார். பல ஆண்டு உழைப்பின் முடிவில், எத்தனையோ ஆயிரம் சொற்களும் 408 அசையொலிகளுள் அடங்கும் எனக் கணக்கிட்டார். அடுத்து அவர் செய்ததே அவரது அருஞ்செயல். ஒன்று முதல் 408 வரை ஒவ்வோர் ஒலிக்கும் ஓர் எண்ணைக் கொடுத்தார். அவ்வெண்ணைப் பிரெயிலின் புள்ளிகளாற் குறித்தார். எண்ணையும் ஒலியையும் மறவாது பிணைத்து வைத்தற்கு நினைவுத் தொடர்களையும் அமைத்தார். மாணவன் புள்ளியைத் தடவி எண்ணை அறிவான். எண்ணை அறிந்தவுடன் ஒலி நாவில் வந்து நிற்கும். எண் வேறு, எழுத்து வேறு என்று நாம் கூறுகின்றோம். மரேயின் முறையில் எண்ணே எழுத்தாயிற்று.

முறை அமைந்தது, பயன்படுமா? ஆதரவற்ற விழியிலாச் சிறுவன் ஒருவனைத் தம்மிடம் சேர்த்து, உணவும் உடையும் தந்து கற்பித்தார். சில வாரங்களிலேயே அவன் தடையின்றிப் படிக்கலானான். 1879-ஆம் ஆண்டில் பீக்கிங்குக்கு வந்த கான்ஸ்டன்ஸ் கார்டன் கம்மிங் என்னும் நூலாசிரியை, மரேயிடம் பயின்ற விழியிலார் விரலால் தடவிப் படிப்பதை நேரிற் கண்டு வியந்தார். தாயகம் திரும்பிய பின்னர் அவ்வம்மையார் நூல்கள் எழுதி இச்செய்தியைப் பரப்பிப் பொருளும் திரட்டி உதவினார். அதுகாறும் மரே தம் சிறு ஊதியத்திலிருந்தே மாணவரைப் புரந்து வந்தார் என்பதனை நாம் மறத்தலாகாது.

பள்ளி வளர்ந்தது. மாணவர் படிப்பதோடு நில்லாது, புள்ளியெழுத்தில் நூல்களைத் தாமே பொறித்தனர். இசை பயின்றோர் ஆலயங்களில் ஆர்கன் வாசித்தனர். கற்றுத் தேர்ந்தோர் பிற விழியிலார்க்கு ஆசிரியராயினர். நேற்றுத் தெருவில் கையேந்தி நின்றவர் இன்று ஊதியம் பெற்று வாழலாயினர்.

மரேயின் சிந்தனை அதனினும் ஒருபடி மேலே சென்றது. சீன நாட்டில் பார்வையுடைய உழவரும் தொழிலாளரும் பெண்டிரும் பெரும்பாலும் எழுத்தறியாதவர். புள்ளிகளைக் கோடுகளாக மாற்றி அச்சிட்டால் அவ்வெண்ணெழுத்தை அவர்களும் எளிதிற் கற்கலாம் அல்லவா? 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் அங்ஙனமே அச்சுருக்களை அமைத்தார். அவ்வச்சுக்களைத் தடவிக் கோத்தவர்கள் விழியிலார். அந்நூல்களைக் கண்ணுடைய ஏழைகட்குக் கற்பித்தவரும் விழியிலாரே. கண்ணுள்ளவர் கண்ணிலாரிடம் சென்று எழுத்துக் கற்றனர். விழியிலார் இரக்கத்திற்கு உரியர் என்ற எண்ணத்தைச் சொல்லால் மறுப்பது எளிது; மரே அதனைச் செயலால் மறுத்தார்.

1900-ஆம் ஆண்டில் பாக்சர் கலகம் மூண்டது. அயல்நாட்டார் மீதும் அவரைச் சார்ந்தோர் மீதும் எழுந்த சினம் பள்ளியையும் விட்டு வைக்கவில்லை. கட்டடம் அழிந்தது, மாணவர் பலர் உயிரிழந்தனர். ஓடி ஒளியவும் வழி காணாத அவர்கள் முடிவை எண்ணுந்தோறும் நெஞ்சம் உருகும். அறுபதை நெருங்கிய மரே, பெற்ற மக்களை இழந்தாற்போன்ற அத்துயரத்திலும் ஊக்கம் தளராது நின்றார். பள்ளி மீண்டும் எழுந்தது. 1911-ஆம் ஆண்டில், தாம் நாற்பது ஆண்டு உழைத்த சீன நாட்டிலேயே அவர் உயிர் நீத்தார்.

அவர் அமைத்த எழுத்து முறை இன்று வழக்கில் இல்லை. 408 எண்களையும் மனப்பாடம் செய்தல் எளிதன்று. பீக்கிங் ஒலிப்பை ஒட்டிய அது பிற பகுதி மக்கட்குப் பொருந்தவும் இல்லை. அவருக்குப் பின், அசையின் முதலொலியையும் ஈற்றொலியையும் பிரித்துக் காட்டும் முறைகள் மேலோங்கின. 1952-ஆம் ஆண்டில், தாமும் பார்வை இழந்தவராகிய ஹுவாங் நாய் என்பார் 18 முதலொலிக் குறிகளும் 34 ஈற்றொலிக் குறிகளும் கொண்ட எளிய முறையை வகுத்தார். அதுவே சீனம் முழுதும் பரவியது. ஆயினும், சீன மொழியை ஒலியாற் பகுத்துப் புள்ளியில் எழுதலாம் என்று முதலிற் காட்டியவருள் முன்னிற்பவர் மரே. பெய்ஜிங் பார்வையற்றோர் பள்ளி இன்றும் அவர் பள்ளியையே தன் மூலமாகக் கொண்டு, 1874-ஐத் தன் தோற்ற ஆண்டாகப் போற்றுகின்றது.

இனி, பிற நாடுகளையும் ஒருவாறு நோக்குவோம். சப்பானில், 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுகியாமா வாயிச்சி என்னும் விழியிலா மருத்துவர், நுண்குழல் வழியே ஊசியைச் செலுத்தும் முறையைப் பரப்பிப் பள்ளியும் நிறுவினார். அதனால் ஊசி மருத்துவமும் உடம்பு பிடித்தலும் அந்நாட்டு விழியிலார்க்கு உரிய தொழில்களாய் நிலைத்தன. பிரெஞ்சு நாட்டில் ஆர்கன் வாசித்தலும் பியானோவுக்குச் சுருதி கூட்டுதலும் அவர்க்கு வாய்த்தன. அமெரிக்காவில் 1936-ஆம் ஆண்டுச் சட்டம் அரசாங்கக் கட்டடங்களில் சிறு கடை வைக்கும் உரிமையை அளித்தது. ஸ்பெயினில் 1938 முதல் பரிசுச்சீட்டு விற்றல் அவர்தம் வாழ்வுக்கு ஊன்றுகோலாயிற்று. சீன நாட்டிலோ உடம்பு பிடித்தலே இக்காலத்து விழியிலாரின் பெருந்தொழில். இவை யாவும் இரத்தலினும் சிறந்தனவே. ஆயினும் ஒரு நாட்டார் ஒரு தொழிலைச் சுட்டி, விழியிலார்க்கு இதுவே உரியது என்று வரையறுப்பாராயின், நேற்று ஏணியாய் இருந்தது இன்று மதிலாய் மாறிவிடும். மரம் அறுக்க முடியாத சிறுவனுக்கு இன்னதே தொழில் என்று எவரேனும் வரையறுத்து நிறுத்தியிருப்பின், சீன நாடு மரேயை அறிந்திராது.

மதிலைக் கடத்தற்கு வழி எழுத்தே. சீனத்தின் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை விழியிலார் புள்ளியெழுத்தில் எழுதுதற்கு 2014-ஆம் ஆண்டில் வழி திறந்தது. சேகண்டி தட்டிக் குறி சொன்னவர் வழித்தோன்றல்கள் சட்டமும் இசையும் வரலாறும் கற்க விழைகின்றனர். விழியிலார்க்கு எத்தொழிலைத் தருவோம் என்று வினவுதற்கு முன், அவர்க்கு எழுத்தைத் தந்தோமா என்று வினவுதல் வேண்டும். எழுத்தைப் பெற்றவர் தமக்குரிய தொழிலைத் தாமே தேர்ந்துகொள்வார். கல்லூரியிற் பயிலும் நமக்கு எழுத்து கேளாமலே வந்து வாய்த்தது. வாய்த்த கண்ணைப் பிறர்க்குப் பகிர்ந்தளித்தலே அதற்கு நாம் செலுத்தும் கைம்மாறு என்பதனை, ஒற்றைக் கையாற் பலர்க்குக் கண் தந்த மரேயின் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.