ஜே. சி. குமரப்பா

ஜே. சி. குமரப்பா (ஜனவரி 4, 1892 - ஜனவரி 30, 1960) தமிழகத்தைச் சேர்ந்த பொருளியல் அறிஞரும் இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் ஆவார். ஒரு வட்டாரத்து மக்கள் தமக்கு வேண்டிய உணவையும் உடையையும் வெளியாரை எதிர்பாராமல் தாமே உண்டாக்கிக்கொள்வதற்குக் கணக்கிட்டுத் திட்டம் வகுத்தவர். காந்தியப் பொருளியலின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

பிறப்பும் கல்வியும்

தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ். இவருடைய தம்பி பரதன் குமரப்பாவும் காந்தியத் தொண்டர் ஆவார். இலண்டனில் கணக்காயர் தேர்வில் தேறிய பின், பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். 1927 இல் அமெரிக்கா சென்று சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்திலும், பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் பயின்றார். கொலம்பியாவில் இந்தியாவின் அரசு நிதியை ஆராய்ந்தபோது, நாட்டின் வறுமைக்கு ஆங்கில ஆட்சியின் சுரண்டலே காரணம் என்னும் முடிவுக்கு வந்தார்.

காந்தியுடன் தொடர்பு

1929 இல் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியைச் சந்தித்தார். காந்தி இவருடைய ஆய்வைத் தம் யங் இந்தியா இதழில் வெளியிட்டதுடன், குசராத்தின் மாதர் வட்டத்துக் கிராமங்களின் பொருளாதார நிலையை ஆராயும் பணியையும் ஒப்படைத்தார். அக்காலத்தில் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா என்பதை ஏற்று, கதர் உடுத்தத் தொடங்கினார். யங் இந்தியாவில் எழுதியமைக்காக 1931 இல் சிறை சென்றார்.

1934 இல் பீகார் நிலநடுக்க நிவாரண நிதியின் கணக்குகளைக் கவனித்தார். காந்தியின் குழுவினருக்கான செலவைக்கூட அந்நிதியிலிருந்து கொடுக்க இவர் மறுத்தார்.

கிராமத் தொழில்கள்

1934 இல் தொடங்கப்பட்ட அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளராக வார்தாவில் பணியாற்றினார். கைக்குத்தல் அரிசி, மாட்டுச் செக்கு எண்ணெய், பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கைக்காகிதம், சவர்க்காரம் முதலிய தொழில்களின் கருவிகளும் முறைகளும் அங்கு மேம்படுத்தப்பட்டன. சங்கம் இயங்கிய மகன்வாடி, மகன்லால் காந்தியின் நினைவாகப் பெயரிடப்பட்டது. தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்னும் விளக்கும் அங்கு உருவாக்கப்பட்டது. மண்ணெண்ணெய் தொலைவிலிருந்து வரவேண்டும். விளக்கெரிக்கும் தாவர எண்ணெயோ உள்ளூர் வயலிலும் செக்கிலும் கிடைக்கும் என்பதே இதன் பின்னிருந்த எண்ணம்.

பொருளியல் கருத்துகள்

1942 போராட்டத்தை அடுத்து ஜபல்பூர் சிறையில் இருந்தபோது எகானமி ஆஃப் பெர்மனென்ஸ் நூலை எழுதினார். நிலக்கரி, பெட்ரோலியம் போன்றவை எடுக்க எடுக்கக் குறையும் தேக்கச் செல்வங்கள் என்றும், ஆற்று நீர், மரம் போன்றவை முறையாகப் பயன்படுத்தினால் மீண்டும் மீண்டும் கிடைக்கும் ஓட்டச் செல்வங்கள் என்றும் அதில் பிரித்தார். தேக்கச் செல்வங்களுக்கான போட்டியே போர்களை விளைவிக்கும் என்றும், நிலைத்த வாழ்வு ஓட்டச் செல்வங்களின் மீதே அமைய வேண்டும் என்றும் கருதினார்.

சமநிலைச் சாகுபடி

இவரது தற்சார்பின் அளவு தனிமனிதனோ ஒரு குடும்பமோ அன்று. ஒரு இலட்சம் மக்கள் வாழும் வட்டாரம் ஒன்றை எடுத்துக்கொண்டார். ஒருவருக்கு நாள்தோறும் 16 அவுன்சு (சுமார் 450 கிராம்) தானியம், 2 அவுன்சு பருப்பு, 12 அவுன்சு பால் என்றும், ஆண்டுக்கு உடைக்காக 12.5 பவுண்டு பருத்தி என்றும் தேவையைக் கணக்கிட்டார். காய்கறி, பழம், வெல்லம், எண்ணெய் ஆகியவற்றுக்கும் அளவு வகுத்து, அவற்றுக்கேற்ப விளைநிலத்தைப் பங்கிட்டார்.

இத்திட்டம் ஒரு கட்டுப்பாட்டையும் வேண்டியது. எந்த நிலத்தில் எதைப் பயிரிடுவது என்பதற்கு உரிமம் வழங்கப்பட வேண்டும். உழவர் இலாபத்தை மட்டும் கருதிப் பணப்பயிருக்கு மாறினால் ஊரின் உணவு குறையும் என்பதால், விருப்பப்படி பயிரிடும் உரிமையை ஓரளவு விட்டுக்கொடுப்பது தற்சார்பின் விலை என இவர் கருதினார்.

விடுதலைக்குப் பின்

நேருவின் தலைமையில் 1938 இல் அமைந்த தேசியத் திட்டக் குழு பெருந்தொழில்களுக்கே முதன்மை அளித்ததால் அதிலிருந்து முன்னரே விலகியிருந்தார். விடுதலைக்குப் பின் காங்கிரசின் நிலச் சீர்திருத்தக் குழுவிற்குத் தலைமை தாங்கினார். உழவருக்கும் அரசுக்கும் இடையிலான இடைத்தரகர்களை நீக்க வேண்டும் என அக்குழு 1949 இல் பரிந்துரைத்தது. எனினும் நாட்டின் திட்டமிடல் இவர் காட்டிய வழியில் செல்லவில்லை.

1950களின் தொடக்கத்தில் வார்தாவை அடுத்த சேல்டோ கிராமத்தில் பண்ணை ஆசிரமத்தை நிறுவித் தம் கருத்துகளை நடைமுறையில் சோதிக்க முயன்றார். உடல்நலம் குன்றியதால் அம்முயற்சி நீடிக்கவில்லை.

இறுதிக் காலம்

மதுரை மாவட்டம் டி. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அங்கு இவரது அறையில் காந்தியின் படமும் ஓர் ஏழை உழவரின் படமும் இருந்தன என்றும், முன்னவரைத் தம் ஆசான் என்றும் பின்னவரை அந்த ஆசானின் ஆசான் என்றும் வருவோரிடம் அறிமுகம் செய்வார் என்றும் கூறப்படுகிறது. காந்தியின் நினைவு நாளான ஜனவரி 30 அன்று, 1960 இல் சென்னையில் காலமானார்.

1973 இல் வெளிவந்த ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல் நூலில் ஈ. எஃப். ஷூமாக்கர் இவருடைய கருத்துகளை எடுத்தாண்டுள்ளார்.

முதன்மை நூல்கள்

* பப்ளிக் ஃபைனான்ஸ் அண்ட் அவர் பாவர்ட்டி (1930)
* ஒய் த வில்லேஜ் மூவ்மென்ட் (1936)
* எகானமி ஆஃப் பெர்மனென்ஸ் (1945)