குருவைத் தேடியவர், குருவாய் நின்றவர்

மட்டக்களப்பு வாவியின் மேலே கல்லடிப் பாலத்தைக் கடந்து உப்போடைக்குச் செல்வோர் சிவானந்த வித்தியாலயத்தைக் காண்பர். சுவாமி விபுலானந்தர் சமாதி கொண்டிருக்கும் இடமும் அதுவே. 1929ஆம் ஆண்டில் அப் பாடசாலையை எழுப்பியவர் அடிகளார். ஆனால் அதற்கு அவர் சூட்டியது தம் பெயரன்று. தமக்குத் துறவு தந்த குருநாதர் சுவாமி சிவானந்தரின் பெயரையே சூட்டினார். இவ்வொரு செயலை அடிகளாரின் வாழ்க்கை முழுவதற்கும் திறவுகோலாக நாம் கொள்ளலாம்.

காரைதீவிலே 1892ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் பிறந்த மயில்வாகனனாருக்கு எழுத்தறிவித்தவர் குஞ்சித்தம்பி உபாத்தியாயர். தமிழிலும் வடமொழியிலும் அவரை ஊன்றச் செய்தவர் வைத்திலிங்க தேசிகர். பின்பு கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி கற்றார். மிக்கேல் கல்லூரியில் வணபிதா பொனல் அடிகளார் அவரது கணித ஆற்றலைக் கண்டு வளர்த்தார். 1908இல், பதினாறாம் வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியடைந்த மாணவர், தாம் கற்ற அக் கல்லூரியிலேயே ஆசிரியருமானார்.

நம்முள்ளும் மிஷன் பாடசாலைகளிற் படித்தோர் பலர். திருநீறணிந்த வீட்டிலிருந்து சென்று பாதிரிமாரிடம் கல்வி பெற்ற நமக்கு, அந்த நன்றியை எங்கே வைப்பது என்ற கூச்சம் சிலவேளை தோன்றுவதுண்டு. அடிகளாரின் சரித்திரம் அக் கூச்சத்தைப் போக்குகின்றது. அவர் தேசிகரையும் விடவில்லை. பொனல் அடிகளாரையும் மறக்கவில்லை. தம் சமயத்தில் உறுதியாக நின்றுகொண்டே, அறிவு எவரிடமிருந்து வந்தாலும் பணிந்து ஏற்றார்.

கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1916இல் விஞ்ஞான டிப்ளோமாவையும், மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பட்டத்தையும் ஒருங்கே பெற்றார். 1920இல் இலண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டதாரியாகி, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். இந் நிலையை அடைந்தோர் இனிக் கற்பதற்கு யாது உளதெனக் கருதுவது உலகியல்பு. அவரோ 1922இல் அப் பதவியைத் துறந்து, சென்னை இராமகிருஷ்ண மடத்திலே பிரமசாரியாகச் சேர்ந்தார். முப்பது வயதிலே மீண்டும் மாணவர்! 1924இல் இராமகிருஷ்ணரின் நேர்ச் சீடரான சுவாமி சிவானந்தர் அவருக்குத் துறவு அளித்து, விபுலானந்தர் என்னும் திருநாமமும் தந்தார்.

பெற்றதைப் பிறருக்கு வழங்கும் பணி அதன்மேல் பெருகிற்று. 1925இல் ஈழம் மீண்டு, இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைப் பேணி வளர்த்தார். 1931இல் அண்ணாமலைச் சர்வகலாசாலையின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பேராசிரியர் பதவியோடு அவர் அமைந்துவிடவில்லை. அயலிலுள்ள திருவேட்களத்திலே, சமூகம் ஒதுக்கி வைத்த ஏழைப் பிள்ளைகளைத் தேடிச் சென்று கற்பித்தார். 1943இல் இலங்கைச் சர்வகலாசாலையிலும் முதல் தமிழ்ப் பேராசிரியர் அவரே.

அவரது பேருழைப்பின் கனி யாழ் நூல். வழக்கொழிந்த பண்டைத் தமிழ் யாழ்களை மீட்கப் பழந்தமிழ்ப் புலமை மட்டும் போதாது. சுருதிகளைக் கணிக்கக் கணிதமும், ஒலியின் இயல்பை அறிய விஞ்ஞானமும் வேண்டும். காரைதீவுத் தேசிகர் இட்ட வித்தும், மிக்கேல் கல்லூரிக் குரவர் இட்ட வித்தும் அந் நூலிலே ஒன்றாய்க் காய்த்தன. இருவருள் ஒருவர் இல்லையேல் யாழ் நூல் இல்லை எனலாம். 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அந் நூல் அரங்கேறியது. அவ்வாண்டு ஜூலை 19ஆம் நாள் அடிகளார் இறைவனடி சேர்ந்தார்.

இனி நம்மை நாமே கேட்போம். நீண்ட போரும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் எத்தனையோ பிள்ளைகளைத் தந்தையும் தமையனுமின்றி விட்டுச் சென்ற மண் இது. சர்வகலாசாலைக்குச் சென்ற நாம், விடுமுறையில் ஊர் திரும்பும்போது, அயல் வீட்டுத் தம்பிக்கு ஒரு கணக்கேனும் சொல்லிக் கொடுத்தோமா? உண்மையைச் சொன்னால், நம்மிற் பலர் பரீட்சை முடிந்ததும் புத்தகத்தைக் கட்டிவைத்தோமேயன்றி வேறொன்றும் செய்தோமில்லை. குருவுக்குப் பட்ட கடனைக் குருவிடமே திருப்பிக் கொடுத்தல் இயலாது. நமக்குப் பின் வருவோரிடமே அதனைச் செலுத்தல் வேண்டும்.

பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். இளைஞர் கெட்டனர் என்று திண்ணையிலிருந்து வருந்துதல் எளிது. ஒரு பிள்ளையின் பெயரைக் கேட்டறிந்து, அவன் ஆற்றல் எதிலுள்ளதெனக் கண்டு, வாரம் ஒரு மாலையை அவனுக்கென ஒதுக்குங்கள். பொனல் அடிகளாரும் தேசிகரும் செய்தது அவ்வளவே. தோழர்காள், கற்பிக்க வல்லாரைத் தேடி நாமும் செல்வோம். நம்மைத் தேடி வரும் சிறுவனுக்குக் கதவையும் திறந்து வைப்போம். அடிகளாருக்கு நாம் செய்யத்தக்க குருபூசை அதுவேயாகும்.