சத்தம் போடாத சின்னக் காமிரா

தும்பாவில் ராக்கெட்டின் கூம்பு முனையை சைக்கிளின் பின்னால் வைத்துக்கொண்டு போகும் படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். பள்ளிப் புத்தகத்திலும் பத்திரிகையிலும் எத்தனையோ முறை வந்த படம் அது.

1966-ம் ஆண்டு அந்தப் படத்தை எடுத்தவர் ஒரு பிரான்சு நாட்டுக்காரர். பெயர் ஆன்றி கார்ட்டியே பிரசோன். அவர் கையில் இருந்தது உள்ளங்கையில் அடங்கும் காமிரா.

நூல் வியாபாரியின் மகன்

பிரசோன் 1908-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந் தேதி பாரீஸ் நகருக்குப் பக்கத்தில் உள்ள சாந்த்லூ என்ற ஊரில் பிறந்தார். தையல் நூல் தயாரிக்கும் வசதியான குடும்பம். ஆனால் மகனுக்குத் தொழிலில் நாட்டம் இல்லை. ஓவியம் படித்தார்.

பிறகு ஆப்பிரிக்காவுக்குப் போனார். அங்கே கடும் விஷக்காய்ச்சல் வந்து, பிழைத்ததே பெரிது என்று ஊர் திரும்பினார். அலையை நோக்கி ஓடும் 3 கறுப்புச் சிறுவர்களின் படம் ஒன்று அப்போது அவர் கண்ணில் பட்டது. முங்காச்சி என்பவர் எடுத்தது. அதைப் பார்த்ததும் காமிராதான் தன் வழி என்று முடிவு செய்தார்.

1932-ல் மார்செய் நகரில் ஒரு 'லைக்கா' காமிரா வாங்கினார்.

ஏன் இந்தக் காமிரா?

அந்தக் காலத்தில் போட்டோ என்றால் முக்காலி, கறுப்புத் துணி, கண்ணாடித் தகடு என்று ஒரு கூட்டமே வேண்டும். தெருவில் அதை வைத்தால் ஊரே வேடிக்கை பார்க்க வந்துவிடும். அப்புறம் இயல்பான முகத்துக்கு எங்கே போவது?

ஜெர்மனியில் லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆஸ்கார் பார்னாக் என்பவர், சினிமா பிலிமையே போட்டு எடுக்கும் சிறு காமிராவை உருவாக்கினார். 1925-ல் அது கடைக்கு வந்தது. ஒரு சுருளில் 36 படம். துணியால் ஆன திரை என்பதால் சத்தமும் குறைவு.

பிரசோன் அதிலும் ஒரு வேலை செய்தார். பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு டேப்பால் மூடினார். பிளாஷ் விளக்கு போடமாட்டார். பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்சு ஒன்றையே வைத்துக்கொண்டார். அதனால் எத்தனை அடியில் நின்றால் எவ்வளவு படத்தில் விழும் என்பது அவருக்கு மனப்பாடம்.

அதே ஆண்டு பாரீசில் சான் லசார் ரெயில் நிலையத்தின் பின்புறம், தேங்கிய தண்ணீரை ஒருவர் தாண்டிக் குதிப்பதை எடுத்தார். கால் தண்ணீரைத் தொடுவதற்கு ஒரு நொடி முன்னால்! அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது.

சிறையும் மண்ணில் புதைத்த காமிராவும்

இரண்டாவது உலகப் போர் வந்தது. ஜெர்மானியரிடம் சிக்குமுன் காமிராவை மண்ணில் புதைத்தார். சுமார் 3 ஆண்டுகள் கைதி. இரண்டு முறை தப்ப முயன்று அகப்பட்டார். மூன்றாவது முறை, 1943-ல், தப்பிவிட்டார். பிறகு காமிராவைத் தோண்டி எடுத்தார்.

1947-ல் நண்பர்களுடன் 'மேக்னம்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். படம் எடுத்தவனுக்கே அதன் உரிமை என்பது அதன் கொள்கை. அந்த ஆண்டே இந்தியா வந்தார். மனைவி ரத்னா மோகினி, ஜாவாவைச் சேர்ந்த நடனக்காரர்.

1948 ஜனவரி 30-ந் தேதி டெல்லியில் காந்தியடிகளைச் சந்தித்துத் தன் படங்களைக் காட்டினார். அன்று மாலையே காந்தியடிகள் சுடப்பட்டார். மரணச் செய்தியை நேரு மக்களுக்கு அறிவித்த அந்த இருட்டு வேளையையும், மறுநாள் இறுதி ஊர்வலத்தையும் பிரசோன் படம் பிடித்தார்.

திருவண்ணாமலையும் தும்பாவும்

1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களை எடுத்தார். 14-ந் தேதி இரவு மகரிஷி மறைந்த நேரத்தில் வானத்தில் ஒரு எரிநட்சத்திரம் போனதைக் கண்டதாகப் பதிவு செய்தவர்களில் இவரும் ஒருவர். அதே ஆண்டு மதுரையில், பசியில் வாடிய குழந்தையை வைத்திருந்த ஒரு தாயையும் எடுத்தார்.

1966-ல் கேரளம் வந்தபோது தும்பாவுக்குப் போனார். மீனவக் குடும்பங்கள் விட்டுக்கொடுத்த மண் அது. 1963 நவம்பர் 21-ந் தேதி முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. மாதா கோவில்தான் ஆபீஸ். சென்னை எம்.ஐ.டி.யில் படித்த அப்துல் கலாமும் அரவமுதனும் குனிந்து வேலை பார்க்கும் படமும் பிரசோன் எடுத்ததே.

சைக்கிள் படத்தில் இருப்பவர் சத்யா என்ற என்ஜினீயரும் ஒரு உதவியாளரும். இந்தியாவின் ஏழ்மை என்று சிலர் அதைக் கேலி செய்தார்கள். ஆனால் அந்த இருவரும் காமிராவைப் பார்க்கவில்லை, சுமையைத்தான் பார்க்கிறார்கள். அதனால்தான் இன்று அது பெருமைப் படமாக நிற்கிறது.

வாங்குவோர் கவனிக்க

தெருவில் படம் எடுக்க ஆசைப்படுவோர் இவரிடம் கற்றுக்கொள்ளலாம். காமிரா சட்டைப்பையில் அடங்க வேண்டும். கறுப்பு நிறம் நல்லது. சத்தம் கூடாது. பிளாஷை நிறுத்தி வைக்கும் வசதி வேண்டும். 50 மில்லிமீட்டர் லென்சில் துவாரத்தை 8 என்ற எண்ணிலும் தூரத்தை 10 அடியிலும் வைத்துக்கொண்டால், சுமார் 8 அடி முதல் 14 அடி வரை தெளிவாக விழும். எதிரே நிற்பவரை வைத்துக்கொண்டு லென்சைத் திருக வேண்டியதில்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. பிரசோன் தன் முகத்தைப் பிறர் படம் எடுப்பதை விரும்பமாட்டார். முகம் தெரிந்துவிட்டால் தெருவில் மறைந்து நிற்க முடியாது என்பது காரணம். மதுரைத் தாய்க்கு அப்படி மறுக்க வாய்ப்பு இருந்ததா? பிழைக்க வந்த ஊரில் சுமை தூக்கும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும். ஆகவே பிறர் அறியாமல் எடுத்தாலும், அந்தப் படத்தை அவரிடமே காட்டக் கூச்சப்படாதபடி எடுக்க வேண்டும்.

வயதான காலத்தில் பிரசோன் காமிராவை ஒதுக்கிவிட்டு மறுபடி பென்சிலைப் பிடித்தார். 2004-ம் ஆண்டு ஆகஸ்டு 3-ந் தேதி, 95-வது வயதில், தெற்கு பிரான்சில் காலமானார். அவர் படம் எடுத்த தும்பா மாதா கோவில் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக இருக்கிறது.