செங்கல்லைக் கல்லாக்கிய அரசி

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, காவிரிக் கரையில் இருந்த பல கோயில்கள் செங்கல்லால் ஆனவை. மழையிலும் வெள்ளத்திலும் அவை சிதைந்தன. அவற்றில் பலவற்றைக் கருங்கல்லால் எடுத்துக் கட்டியவர் ஒரு பெண். அவர்தான் செம்பியன் மாதேவி.

சோழ மன்னர் கண்டராதித்தரின் மனைவி அவர். கணவர் காலமானபோது மகன் சிறு குழந்தை. அதனால் கணவரின் தம்பி அரியணை ஏறினார். பல ஆண்டுகள் கழித்தே மகன் உத்தம சோழன் என்ற பெயரில் அரசரானார்.

கணவரை இழந்த அரசி கோயில் பணியில் மனதைச் செலுத்தினார். கோனேரிராஜபுரம் கோயிலைக் கணவர் பெயரால் கட்டினார். கண்டராதித்தர் சிவலிங்கத்தை வணங்கும் சிற்பத்தை அங்கே இன்றும் காணலாம். குத்தாலம், ஆடுதுறை, விருத்தாசலம் கோயில்களும் அவரால் கற்கோயில்கள் ஆயின.

பழைய கோயிலைப் பிரித்தால் ஓர் ஆபத்து உண்டு. விளக்கு எரிக்க ஆடு கொடுத்தவர் யார், நிலம் கொடுத்தவர் யார் என்பதெல்லாம் பழைய கல்லில்தான் இருக்கும். கல் தொலைந்தால் தருமமும் தொலைந்துவிடும்!

திருக்கோடிக்காவலில் அப்படி நடக்கவில்லை. பழைய கல்லில் இருந்த எழுத்துக்களைப் பார்த்து, புதுச் சுவரில் அப்படியே வெட்டி வைத்தார்கள். முன்னோர் செய்த தருமம் பிழைத்தது.

நாகப்பட்டினம் அருகே அரசியின் பெயரிலேயே ஓர் ஊர் உண்டு. அவர் பிறந்த கேட்டை நாளைக் கொண்டாட, மருமகள்மார் அங்கே கொடை வழங்கினார்கள். பேரன் முறையான ராஜராஜன் ஆட்சியிலும் அவருடைய பணி தொடர்ந்தது. தஞ்சைப் பெரிய கோயில் எழுந்தது அதன் பிறகுதான்.

பிறர் தருமத்தைக் காத்தவரின் பெயரை அந்தக் கற்களே காத்து நிற்கின்றன.