துறைமுகத்தில் ஒரு கணித மேதை

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் நம் குடும்பங்களுள் துறைமுகத்தோடு தொடர்பற்றவை சிலவே. அத்துறைமுகத்தின் அலுவலகத்தில் 1912 மார்ச்சு முதல் நாள், மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராகச் சேர்ந்தார் ஓர் இளைஞர். அவரே சீனிவாச இராமானுஜன். இவ்வெள்ளிவிழா மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்களுக்காக அன்னாரின் வாழ்வைச் சிறிது எடுத்துரைக்க விழைகின்றோம்.

1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்தார், வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தையார் துணிக்கடைக் கணக்கர். 1903-இல் நண்பர் வழியாக, கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்று இவர் கைக்கு வந்தது. ஏறத்தாழ 5,000 முடிவுகள். நிறுவலோ மிகச் சுருக்கம். அவற்றைத் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கினார். தாள் விலை மிகுந்தமையால் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழிப்பார். முடிவை மட்டும் குறிப்பேட்டில் பதிவார்.

அந்நூலில் அணிக்கோவைகளும் இடம்பெற்றிருந்தன. அணிக்கோவை என்றவுடன் நம் மேல்நிலை வகுப்பு மாணவர்கள் அஞ்சுவதை நாம் அறிவோம். அஞ்ச வேண்டுவதில்லை. இராமானுஜன் குறிப்பேட்டின் முதல் அத்தியாயம் மாயச் சதுரங்களைப் பற்றியது. அத்தகைய சதுரம் ஒன்றையே கொள்வோம். முதல் நிரை 2, 7, 6. இரண்டாம் நிரை 9, 5, 1. மூன்றாம் நிரை 4, 3, 8. எந்த நிரையைக் கூட்டினும் 15. இதனை ஓர் அணிக்கோவையாக எழுதுக. ஒரு நிரலோடு மற்ற நிரல்களைக் கூட்டினால் அணிக்கோவையின் மதிப்பு மாறாது என்பது நம் பாடநூல் கூறும் பண்பு. ஆகவே இரண்டாம், மூன்றாம் நிரல்களை முதல் நிரலோடு கூட்டுக. முதல் நிரல் முழுவதும் 15 ஆகிவிடும். ஒரு நிரலின் பொதுக் காரணியை வெளியே எடுக்கலாம் என்பது மற்றொரு பண்பு. 15 வெளியே வந்தபின் அந்நிரலில் எஞ்சுபவை மூன்று ஒன்றுகளே. முதல் நிரையை மற்ற இரண்டிலிருந்தும் கழித்தால் அவற்றுள் இரண்டு சுழிகளாகும். கணக்கு ஒரே வரியில் முடியும். எஞ்சியதன் மதிப்பு −24. முழு மதிப்பு −360. இதனை இராமானுஜன் செய்தார் என நாம் கூறவில்லை. அவர் விரும்பிய சதுரத்தைக் கொண்டு நம் பாடத்தை விளக்கினோம், அவ்வளவே.

இத்தகைய மேதை கல்லூரித் தேர்வில் தேறவில்லை. கணிதத்தில் மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டமையால் கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் தோல்வியே. பின்னர் இராமசாமி ஐயர், நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் போன்றோரின் கவனம் கிட்டியது. ராவ் சில காலம் மாதம் 25 ரூபாய் வழங்கினார். துறைமுகத்தில் தலைவர் பிரான்சிசு ஸ்பிரிங்கும் மேலாளர் நாராயண ஐயரும் துணை நின்றனர்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் செல்ல இயலவில்லை. இராமானுஜன் வறியவர்தாம், பசியையும் அறிந்தவர். ஆயினும் குறிப்பேட்டைக் கையிலேந்திப் பெரியோர் இல்லங்களின் திண்ணையில் அமர அவரால் இயன்றது. அதே துறைமுகத்தில் மூட்டை சுமந்த நம்மவரால் அத்திண்ணையை அணுகவும் இயலாத காலம் அது. அவர்தம் பிள்ளைகளுள் எத்தனை பேர் எண்களோடு விளையாடினரோ! இக்குறை இராமானுஜனைச் சாராது.

1913 சனவரியில் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஆர்டிக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டு மே திங்கள் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி அளித்தது. பட்டம் பெறாத ஒருவருக்கு அது கிட்டியதை நம் மாணவர்கள் கருத்திற்கொள்க. 1914 மார்ச்சு 17-இல் நெவாசா கப்பலில் புறப்பட்டார். 1918-இல் இலண்டன் இராயல் கழக உறுப்பினரானார். நோயுற்று 1919-இல் தாயகம் மீண்டு, 1920 ஏப்ரல் 26-இல் சேத்துப்பட்டில் மறைந்தார். அப்போது வயது 32.

பள்ளிக் கணித ஆசிரியர் பி. கே. சீனிவாசனின் முயற்சியால் 1993-இல் இராமானுஜன் பெயரில் ஓர் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. அதற்கு இடம் அமைந்தது நம் இராயபுரத்தில்.