வில்லியம் ராக்ஸ்பரோ

வில்லியம் ராக்ஸ்பரோ (1751 – பெப்ரவரி 18, 1815) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவரும் தாவரவியலாளரும் ஆவார். இந்தியத் தாவரவியலின் தந்தை எனப் போற்றப்படும் இவர், கங்கை ஆற்று ஓங்கிலை (டால்பின்) அறிவியல் முறைப்படி முதலில் விவரித்த இருவருள் ஒருவராவார்.

வாழ்க்கை

அயர்சயரில் பிறந்த ராக்ஸ்பரோ எடின்பரோவில் மருத்துவம் பயின்றார். 1776 இல் கிழக்கிந்தியக் கம்பனியின் மதராஸ் மருத்துவப் பணியில் சேர்ந்தார். 1781 முதல் இன்றைய ஆந்திரப் பிரதேசத்திலுள்ள சாமல்கோட்டையில் பணியாற்றிய காலத்தில் சோழமண்டலக் கரையோரத் தாவரங்களை ஆராய்ந்தார். 1793 இல் கல்கத்தா தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளரானார். 1813 இல் இந்தியாவை விட்டு நீங்கி, எடின்பரோவில் காலமானார். இவரது புளோரா இண்டிக்கா நூல் இவரின் மறைவுக்குப் பின்னரே அச்சேறியது.

ஆற்று ஓங்கில்

கல்கத்தாவில் இருந்தபோது, 1801 இல் ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ் இதழில் கங்கை ஓங்கிலைப் பற்றி எழுதினார். அதே ஆண்டில் லெபெக் என்பவரும் இவ்விலங்கை விவரித்தார். இனத்திற்குப் பெயரிட்டவர் என்ற முன்னுரிமை நெடுங்காலம் ராக்ஸ்பரோவுக்கு அளிக்கப்பட்டது. தற்போது அது லெபெக்குக்கு உரியதாகக் கொள்ளப்படுகிறது.

இவ்விலங்கின் மூதாதையர் கடலில் வாழ்ந்தவை. கலங்கிய ஆற்றுநீரில் பார்வையால் பயன் குறைவு. இதன் சிறிய கண்களில் வில்லை இல்லை. ஒலி எழுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டே இரை தேடுகிறது. கங்கை ஓங்கிலும் அமேசான் ஓங்கிலும் தோற்றத்தில் ஒத்திருந்தாலும், நெருங்கிய உறவுடையவை அல்ல என்பதையும், தனித்தனியே நன்னீர் வாழ்வுக்குத் தகவமைந்தன என்பதையும் மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. சிந்து ஆற்று ஓங்கில் தனி இனம் என்பதற்கு 2021 இல் மண்டையோட்டுச் சான்றுகளுடன் மரபணுச் சான்றுகளும் முன்வைக்கப்பட்டன. கங்கை ஓங்கிலை இந்திய அரசு 2009 இல் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தது.